நேற்றுப் பிறந்த நிலம்

வில்லரே, மொன்றியல்
4 பெப்ரவரி 2007

அன்பு மருமகள் அஜிதாவுக்கு வலன்ரைன் மாமா எழுதுவது.

இங்கே கைக்குட்டையை உதறினால் கண்ணாடி மாதிரி உடைகிற குளிர். எனக்கென்ன குளிர்? பேகல் அடுப்புக்கு முன்னால் நிற்பவனுக்கு வருசம் முழுக்கச் சித்திரை மாதம். தேன் தண்ணீரில் அவித்த வட்ட ரொட்டிகளை நீட்டுப் பலகையில் அடுக்கி, விறகு நெருப்புக்குள் தள்ளி, கண் மூடித் திறப்பதற்குள் கவிழ்க்க வேண்டும். ஒட்டாவாவிலிருந்து மந்திரிமார் ஆள் அனுப்பி நான் சுட்டதுதான் வேண்டும் என்று வாங்கிப் போகிறார்கள். நெருப்பைப் பற்றி ஏதாவது சந்தேகம் வந்தால் அங்கே உள்ள பெரியவர்களிடம் கேட்டு அலையாதே, எனக்கு எழுது.

இன்னொன்று. எரிமலை பார்க்க நீ அவ்வளவு தூரம் போயிருக்கவே தேவையில்லை. மவுண்ட் றோயல் மலை ஒரு காலத்தில் நெருப்புக் கக்கியதுதான். உச்சியில் இருக்கிற குளம்தான் அதன் வாய். ஒரு மாரியில் பனிக்கட்டியில் காதை வைத்துக் கேட்டேன். உள்ளே கொதிக்கிறது.

சரி, நீ கேட்ட விசயம். அந்த எரிமலை ஆராய்ச்சி நிலையத்தில் இன்னும் இரண்டு வருசம் இருக்கக் கேட்கிறார்கள், ஏப்ரல் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும், அம்மா வாயால் ஓம் என்று சொல்லாமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதியிருக்கிறாய். மார்கழியில் நத்தார் முடிந்து நீ விமானம் ஏறிய நாளிலிருந்து உன் பெயர் என் தங்கச்சி வாயில் வரவில்லை. நீ ரெலிபோன் எடுத்தால் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிடுகிறாள். ஒரேயொரு தரம் சொன்னாள்: “எரியிற ஊரிலயிருந்து இடுப்பில வைச்சுத் தூக்கிக்கொண்டு கடல் கடந்தன். இப்ப அவளே நெருப்பைத் தேடிப் போறாள்.”

ஆனால் மாமா இருக்கப் பயம் ஏன்? ரெலிபோனுக்கு ஓடுகிறவள் கடிதத்துக்கு ஓடமாட்டாள். ஞாயிறு பூசை முடிந்து வந்து பயித்தங்காய் முறிக்கும்போது உன் கடிதத்தை உரத்து வாசிக்கிறேன். அவள் கேட்பதில்லை. பக்கத்தில் இருக்கிறாள், அவ்வளவுதான். உன் முதல் கடிதம் கொஞ்சம் உப்புக் குறைவு. ஆகையால் உனக்குச் சைரன் வைத்த கார் தந்திருக்கிறார்கள் என்றும், நீ போனால் பொலிஸ்காரர் தெருவை மறித்து வழிவிடுகிறார்கள் என்றும் சேர்த்து வாசித்தேன். அவள் கை ஒரு கணம் நின்றது. பார்த்தாயா, வேலை செய்கிறது.

மாமா


பிளேன் டெ காஃப்ர், றியூனியன் தீவு
25 பெப்ரவரி 2007

அன்புள்ள மாமா,

எனக்குச் சைரன் வைத்த கார் இல்லை. சைரன் இல்லாத காரும் இல்லை. மற்றவர்களின் ஜீப்பில் பின்னால் கருவிப் பெட்டிகளோடு இருந்து போகிறேன். அம்மாவுக்குத் திருத்திச் சொல்லுங்கள்.

மவுண்ட் றோயலும் எரிமலை இல்லை. உருகிய பாறை கீழேயிருந்து மேலே வரப் பார்த்தது. வெளியே வருமுன்பே உள்ளுக்குள் ஆறி இறுகிவிட்டது. அதை மூடியிருந்த கல்லும் மண்ணும் கோடிக்கணக்கான வருசத்தில் கரைந்துபோக, இறுகியது மட்டும் மலையாக நிற்கிறது. அந்தக் குளம் மனிதர் வெட்டியது. நீங்கள் கேட்ட கொதிப்பு என்னவென்று எனக்குத் தெரியாது.

இந்தத் தீவை எப்படிச் சொல்வது? படத்தில் பார்த்தால் கடலில் விழுந்த பாக்குத் துண்டு. ஆனால் நாங்கள் பார்ப்பது மலையின் தொப்பியைத்தான். கடலின் அடியிலிருந்து அளந்தால் இமயத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. வடமேற்கில் இருப்பது அணைந்த மலை. மழை அதைக் குடைந்து குடைந்து மூன்று பெரிய கிண்ணங்களாக்கியிருக்கிறது. கிண்ணத்துக்குள் ஊர்கள். ஒரு கிண்ணத்துக்கு இன்றும் தெரு இல்லை, நடந்துதான் இறங்க வேண்டும். தென்கிழக்கில் இருப்பது உயிருள்ள மலை. கடற்கரையில் கரும்பும் வனிலாக் கொடியும். மேலே ஏற ஏறப் புல்வெளி, மாடு, மூடுபனி. இன்னும் ஏறினால் மரமே இல்லை, சிவப்புச் சாம்பல் வெளி மட்டும். ஒரு காலை நேரத்துக்குள் மூன்று உலகம்.

உங்களுக்குப் பிடிக்கிற ஒன்று சொல்கிறேன். பூமிக்கு அடியில் ஓர் அடுப்பு இருக்கிறது. அது நகர்வதில்லை, மேலே இருக்கிற தரைதான் நகர்கிறது. டைனசோர்கள் அழிந்த காலத்தில் அந்த அடுப்புக்கு மேலே இந்தியா நின்றது. தக்காணத்தின் கருங்கல் முழுக்க அதில் வெந்தது. இந்தியா வடக்கே நகர, மாலைதீவு, மொரிசியஸ் என்று ஒவ்வொன்றாக வெந்து வெந்து, இப்போது இந்தத் தீவின் முறை. உங்கள் பலகையில் பேகல் வரிசை போவது மாதிரித்தான்.

கிழக்குக் கரையில் ஒரு மாதா கோவில். 1977-ல் நெருப்புக் குழம்பு வீடுகளை எரித்துக்கொண்டு வந்து, கோவில் வாசலுக்குள் ஓரடி வைத்து, பிறகு சுவரைச் சுற்றிப் பிரிந்து போய்விட்டது. கறுத்த கல் இன்னமும் வாசலில் கிடக்கிறது. அம்மாவுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

அம்மா ஏதாவது சொன்னாவா? இந்தக் கடிதத்தை இருக்கிறபடியே வாசியுங்கள், மாமா.

அஜிதா


வில்லரே
20 மார்ச் 2007

அன்பு மருமகளுக்கு,

இருக்கிறபடியேதான் வாசித்தேன். சத்தியமாக. ஆனால் 1977 என்றால் பழைய கதையாய்ப் போய்விடும் என்று போன கிழமை என்று மாற்றினேன். போன கிழமை என்றால் நீ அங்கே எங்கே நின்றாய் என்று கேள்வி வருமே. ஆகையால் வாசலில் நிறுத்தினேன். வாசலில் நிற்கிறவள் சும்மா நிற்பாளா? கையை நீட்டினாய். குழம்பு நின்றது. இதில் என் பிழை எது?

இதைக் கோவில் மண்டபத்தில் தேத்தண்ணீர் குடிக்கும்போது இரண்டு பேருக்குச் சொன்னேன். சிசிலி அக்கா அதை எங்கள் வீட்டுக்கே கொண்டுபோய், உன் பாதணி தீய்ந்ததாகத் தானும் கொஞ்சம் சேர்த்து, உன் அம்மாவிடம் ஒப்படைத்துவிட்டாள். நானாக இருந்தால் பாதணியைத் தொட்டிருக்கவே மாட்டேன்.

நேற்றுச் சூசையப்பர் திருநாள். உன் அம்மா மலைச் சரிவில் இருக்கிற அவருடைய பேராலயத்துக்குப் போய், முழங்காலில் ஏறுகிறவர்களுக்கென்றே விட்டிருக்கிற மரப்படிகளில், உறைபனியோடு, மேலே வரைக்கும் ஏறினாள். நான் பக்கத்துச் சீமெந்துப் படியில் நடந்து போனேன். உன்னைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஒரு மலை வெளியே கக்காமல் உள்ளுக்குள் இறுகியது என்று எழுதினாயே, அது நம்முடைய குடும்பத்தில்தான் என்று நினைக்கிறேன்.

பார்சலில் மிளகாய்த்தூள், மாசிச் சம்பல், அதோடு ஒரு முடிச்சு மடு மண். மன்னாரில் எங்கள் ஆட்கள் பாம்புக்கும் காய்ச்சலுக்கும் பயணத்துக்கும் மடு மாதா கோவில் மண்ணைத்தானே நம்பினார்கள். பாம்பு தாண்டாத மண்ணை நெருப்பு தாண்டுமோ? குழம்பு வந்தால் வாசலில் கோடாகத் தூவு. இது முழுக்க என் யோசனை. உன் அம்மாவுக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அப்படித்தான் எழுதச் சொன்னாள்.

மாமா


பிளேன் டெ காஃப்ர்
31 மார்ச் 2007

மாமா,

பார்சல் வந்தது. அந்த முடிச்சுத் துணியை எனக்குத் தெரியும். படகில் வரும்போது அம்மா இடுப்பில் செருகியிருந்த நீலச் சேலையின் கரை. ஒரு கை என்னைப் பிடித்திருந்தது, மற்றக் கை அந்த முடிச்சைப் பிடித்திருந்தது. இருந்த கொஞ்ச மண்ணையும் எனக்கு அனுப்பிவிட்டா.

இங்கே வெளியூர் மண்ணைத் தரையில் தூவக்கூடாது, சட்டம். ஆகையால் கோடு போடமாட்டேன். ஒரு பிளாஸ்ரிக் உறையில் ஒட்டிக் கழுத்துப் பையில் வைத்திருக்கிறேன்.

1977-ல் நான் பிறக்கவே இல்லை. அம்மாவின் முழங்கால் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நடக்காத ஒன்றுக்காக அவவைப் பனியில் முழங்காலில் ஏற வைத்திருக்கிறீர்கள். எனக்கு ஓர் “ஓம்” வேண்டும் என்றுதான் கேட்டேன். பயத்தைக் கேட்கவில்லை. இனி ஒரு சொல் கூட்டினால் உங்களுக்குக் கடிதம் இல்லை.

நேற்று உச்சியில் ஒரு பிளவு திறந்து, சில மணி நேரத்தில் மூடிக்கொண்டது. ஆனால் கருவிகள் அடங்கவில்லை. நிலையத்தில் பெரியவர்கள் இரவும் வீட்டுக்குப் போகவில்லை. கீழே கரையோர ஊர்களுக்கு ஆயத்தமாக இருக்கச் சொல்லி அறிவித்தல் போகிறது.

அஜிதா


வில்லரே
12 ஏப்ரல் 2007

அஜிதாவுக்கு,

கூட்ட வேண்டாம் என்றாய். கூட்டவில்லை.

குளிர். பேகல் சுட்டேன். உன் அம்மாவின் இடது முழங்கால் வீங்கியிருக்கிறது. உயிர்த்த ஞாயிறு வந்து போனது.

நீ பத்திரம் என்று ரெலிபோனில் சொன்னதை அவளிடம் சொன்னேன். ரிவியில் உன் மலையைக் காட்டினார்கள், கண் சிமிட்டுகிற நேரம்தான். சிவப்பாக ஒரு ஆறு கடலுக்குள் போகிறது. உன் அம்மா அகப்பையோடு வந்து நின்று, “அதுதானோ இடம்?” என்று கேட்டாள். ஓம் என்றேன். அதற்கு மேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நாக்கு நோகிறது, மருமகளே.

வ. மாமா


பிளேன் டெ காஃப்ர்
16 ஏப்ரல் 2007

அன்புள்ள மாமா,

கோபத்தில் எழுதிவிட்டேன். கோபம் இன்னும் இருக்கிறது, ஆனால் இதை வேறு யாருக்கு எழுதுவேன்?

மாதத் தொடக்கத்தில் மலை உச்சியில் வெடிக்கவில்லை. பதுங்கி, கீழே, காட்டுக்குள், கரையோரத் தெருவுக்குக் கொஞ்சம் மேலே வாயைத் திறந்தது. நெருப்பு மொன்றியல் நகர நடுவில் நிற்கிற கட்டடங்களின் உயரத்துக்கு எழுந்து எழுந்து விழுந்தது. காது கேட்கவில்லை என்று சொல்வது பிழை. காது இருக்கிறது என்பதே மறந்துபோனது. குழம்பு மரங்களைத் தொடுமுன்பே அவை தாமாகப் பற்றின. தீவைச் சுற்றிப் போகிற தெருவை அறுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கியது. கடல் வெள்ளைச் சுவராக எழுந்து நின்றது.

பக்கத்துக் கிராமத்தின் கூரைகளில் மயிர் கொட்டியது, மாமா. கண்ணாடி மயிர். காற்று உருகிய கல்லை இழுத்து நூலாக்கிவிடுகிறது. பொன்னிறம். தொட்டால் கையில் ஏறும்.

அந்த ஊர்ச் சனத்தை வெளியேற்றினார்கள். எங்களையும் உதவிக்குக் கூப்பிட்டார்கள். ஒரு பெண், என் வயதுதான் இருக்கும், இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, திரும்பித் திரும்பித் தன் கூரையைப் பார்த்தபடி வந்தாள். அவளுடைய பையை நான் வாங்கிக்கொண்டேன். எப்போது திரும்பலாம் என்று கேட்டாள். எரியிற ஊரிலிருந்து இடுப்பில் வைத்துத் தூக்கி வந்தேன் என்று அம்மா சொன்ன அந்த வசனம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. அவ சொல்லி எத்தனை மாதம். அன்றைக்குத்தான் கேட்டது.

பிறகு உச்சி. அடியில் இருந்த குழம்பெல்லாம் ஓடி வடிய, மேலே தாங்க ஒன்றும் இல்லை. மலையின் உச்சி உள்ளுக்குள் இறங்கிவிட்டது. ஒவ்வொரு தரமும் இறங்கும்போது இங்கே மேசையில் கோப்பை நகர்ந்தது. மூடுபனி விலகியபோது கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். பெப்ரவரியில் நான் இருந்து பாண் தின்ற இடம் இப்போது காற்று. உங்கள் மவுண்ட் றோயலைத் தூக்கி உள்ளே வைத்தால் மேலே நின்று பார்ப்பவருக்கு அது ஒரு மேடு. நாங்கள் எல்லாரும் நின்றோம். முப்பது வருசமாக அந்த மலையையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவர் தொப்பியைக் கழற்றினார்.

கடலில் மீன்கள் செத்து மிதக்கின்றன. அடி ஆழத்து மீன்கள். பரம்பரையாகக் கடலுக்குப் போகிறவர்கள் பெயர் தெரியாமல் நிற்கிறார்கள். நேற்றுவரை கடலாக இருந்த இடத்தில் இன்றைக்குத் தரை இருக்கிறது, வரைபடத்தில் இல்லாத தரை, இன்னும் புகைகிறது.

இதில் நீங்கள் கூட்ட ஒன்றும் இல்லை. முயன்று பாருங்கள், முடியாது.

மாதம் முடியப் போகிறது.

அஜிதா


வில்லரே
29 ஏப்ரல் 2007

அன்பு மருமகளுக்கு,

இன்றைக்கு நடந்தது உனக்குப் பாதி தெரியும். ரெலிபோனின் இந்தப் பக்கத்துப் பாதியை நான் எழுதுகிறேன்.

உன் கடிதத்தை முதலில் நான் தனியாக, கடையில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று வாசித்தேன். ஒரு பலகை பேகல் கரிந்துபோனது. என் கையால் கரிந்தது அதுதான் முதல். எங்கே என்ன சேர்க்கலாம் என்று பார்த்தேன். மயிர் கொட்டியது என்கிறாய், அதற்கு மேல் எதைக் கொட்டுவது? மலை இறங்கியது என்கிறாய், அதற்குக் கீழே எதை இறக்குவது? உன் மாமாவுக்குச் சொல் முடிந்த நாள் அது.

பூசை முடிந்து வந்து, இருக்கிறபடியே வாசித்தேன். முற்றுப்புள்ளி உட்பட. இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்ணின் இடத்தில் உன் அம்மா பயித்தங்காயைக் கீழே வைத்துவிட்டாள். நான் முடிக்குமட்டும் இருந்தாள். பிறகு சொன்னாள், “அண்ணை, இந்த முறை நல்லாக் கூடிப்போச்சு.”

நான் கடிதத்தை நீட்டினேன். கண்ணாடியைப் போட்டு முழுக்க வாசித்தாள். உன் கையெழுத்துத்தான். “அவளும் உங்களட்டப் பழகி அளக்கத் தொடங்கிட்டாள்,” என்றாள். சைரன் வைத்த காரை நம்பியவள், குழம்பைக் கையால் மறித்ததை நம்பி முழங்காலில் ஏறியவள், உண்மை வந்து வாசலில் நிற்க உள்ளே விடமாட்டேன் என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெளியே காட்டவில்லை. அழுததை உனக்கு எழுதுவதும் கூட்டல் இல்லை.

“அப்ப நீயே கேள்,” என்றேன். “கேக்கிறன்,” என்றாள். கோபத்தில்தான் ரெலிபோனை எடுத்தாள். இலக்கம் அவளுக்கு மனப்பாடம். எனக்கே அது பாடமில்லை.

நத்தாருக்குப் பிறகு உன்னோடு அவள் கதைத்த முதல் சொல் இதுதான், மறக்காதே: “மலை இறங்கினது மெய்யோ?”

நீ ஏதோ சொன்னாய். அவள் கதிரையை இழுத்து இருந்தாள். “அந்த மீன் என்ன நிறம்?” என்றாள். எங்கள் ஐயா, உன் பாட்டனார், மன்னாரில் பேசாலைக் கடலில் இழுத்த மீனெல்லாம் வாலைப் பார்த்தே பெயர் சொல்லுவாள், உனக்குத் தெரியாது. கண் பெரிசோ, செதில் இருக்கோ, வயிற்றில் புள்ளி எந்தப் பக்கம் என்று கேட்டுக் கேட்டு, “ம், அது வெளிச்சம் காணாத மீன்,” என்றாள், தானே வளர்த்தது மாதிரி.

பிறகு குரல் மாறியது. “அந்தப் பிள்ளையோட வந்த மனிசி எங்கை?” நீ சொன்னாய், எனக்குக் கேட்கவில்லை. “நீங்கள் முதலே சொன்னதாலயோ அவை ஆயத்தமா நிண்டவை?” மறுபடி நீ. கன நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் பயித்தங்காயை எடுத்து முறிக்கத் தொடங்கினேன், கைக்கு ஏதாவது வேண்டுமே.

“எங்களுக்கு ஒருத்தரும் முன்னுக்கு வந்து சொல்லேல்லை, பிள்ளை,” என்றாள். “எரிஞ்ச பிறகுதான் தெரியும்.” அதற்குப் பிறகு, “ஓம். அங்கையே இருந்து சொல்லு.”

நீ கேட்ட சொல் அதுதானே.

மாமா


பிளேன் டெ காஃப்ர்
13 மே 2007

அன்புள்ள மாமா,

மறுநாள் காலையே கையெழுத்துப் போட்டேன். மே தொடங்க மலையும் அடங்கிவிட்டது. அந்தப் பெண் பிள்ளையோடு வீட்டுக்குத் திரும்பிவிட்டாள். கூரை நிற்கிறது, வனிலாக் கொடிகள்தான் வெந்துபோயின. அம்மாவுக்குச் சொல்லுங்கள்.

சின்னப் போத்தலில் மணல் அனுப்புகிறேன். குழம்பு கடலில் விழுந்து சிதறி உண்டான கரையிலிருந்து எடுத்தது. வெயிலில் பிடித்துப் பாருங்கள், கறுப்புக்கு நடுவில் பச்சை மணிகள் இருக்கும். அவை பூமியின் அடியிலிருந்து குழம்போடு வந்தவை. இந்த மணலின் வயது ஒரு மாதம்.

மடு மண்ணை உறைக்கு வெளியிலிருந்தே பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உருண்டு உருண்டு மழுங்கிய, கண்ணாடி போன்ற மணிகள். அதன் தாய்ப்பாறைக்கு நூறு கோடி வருசம் வரை இருக்கலாம். அதுவும் ஒரு நாள் இதைப் போலச் சூடாகத்தான் இருந்திருக்கும். அதில் பாதியைத் திருப்பி அனுப்புகிறேன், நீலத் துணியில் பாதியோடு. அம்மாவிடம் ஒன்றும் இல்லாமல் இருக்கக்கூடாது. மீன்களின் படமும் இருக்கிறது.

அஜிதா


வில்லரே
3 யூன் 2007

அன்பு மருமகளுக்கு,

எல்லாம் வந்தது. உன் அம்மா ஒரு உள்ளங்கையில் மடு மண்ணையும் மற்றதில் உன் மணலையும் கொட்டி, யன்னலுக்குப் பக்கத்தில் வெயிலில் பிடித்துக்கொண்டு நின்றாள். நூறு கோடி ஒரு கையில், ஒரு மாதம் மற்றக் கையில். எது பாரம் என்று கேட்டேன். “இரண்டும் ஒரே பாரம்தான், அண்ணை,” என்றாள். நான் மூன்று வசனம் ஆயத்தமாக வைத்திருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. மீன் படம் குளிர்சாதனப் பெட்டிக் கதவில், மடு மாதா படத்துக்குக் கீழே. வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் எதைக் கும்பிடுவது என்று தடுமாறுகிறார்கள்.

இன்று பூசைக்குப் பிறகு மண்டபத்தில் சனம் என்னைப் பிடித்துக்கொண்டது. மருமகளின் மலை என்ன ஆனது என்று கேட்டார்கள். உன் கடிதத்தில் இருந்ததை இருந்தபடி சொன்னேன். தெருவை அறுத்த ஆறு, கூரையில் கண்ணாடி மயிர், உள்ளுக்குள் இறங்கிய உச்சி, கடலில் புதுத் தரை. எங்கள் கோவில் ஹென்றி சிரிக்கத் தொடங்கினான். சிசிலி அக்கா கூட, “வலன்ரைன், கொஞ்சம் குறைச்சுச் சொல்லு,” என்றாள். என் வாழ்நாளில் பொய் சொல்லாமல் நான் சொன்ன ஒரே கதை, அதற்கு இந்த மரியாதை. சைரனை எடுத்து வைப்போமா என்று நாக்கு துடித்தது. வைத்திருந்தால் உடனே நம்பியிருப்பார்கள்.

அப்போது பின் வரிசையில் கதிரை இழுபடுகிற சத்தம். உன் அம்மா, வீங்கின முழங்காலோடு, மேசையைப் பிடித்து எழும்பினாள். கோவிலில் செபம் தவிர வாய் திறக்காதவள்.

“அண்ணை சொல்றது முழுக்க மெய்,” என்றாள். “நான் பிள்ளையிட்டக் கேட்டனான். இவர் குறைச்சுத்தான் சொல்றார்.”

வலன்ரைன் குறைத்துச் சொல்கிறான் என்று ஒரு மனிசர் சொல்லி நான் கேட்டது இதுதான் முதல் தடவை, மருமகளே. தேத்தண்ணீர் ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை.

உன் வலன்ரைன் மாமா